மடிப்பண்ணன் பெண் பார்த்த கதை

பினாங்குத் தீவில் மடிப்பண்ணன் மடிக்காமல் விட்டது கடல் ஒன்றைத்தான். அதுவும் கைக்கு அடங்காத காரணத்தால்.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, 1930களில் குவீன் ஸ்திரீட் மாடியறையில் அவரோடு குடியிருந்த எங்கள் எல்லோருக்கும் அவர் மடிப்பண்ணன்தான். ஞாயிறு காலை டோபி வெளுத்த மூட்டையைப் போட்டுவிட்டுப் போனதும் பாயில் சம்மணமிட்டு உட்காருவார். எது யாருடைய கைலி, எது யாருடைய சட்டை என்று பிரித்து, உதறி, நீவி, ஆளுக்கொரு அடுக்கு வைப்பார். திங்கட்கிழமைச் சட்டை மேலே, சனிக்கிழமைச் சட்டை அடியில். நடுவிலிருந்து ஒன்றை உருவினால் தொலைந்தோம்.

"தம்பி, அது புதன்கிழமை சட்டைலா. இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கக்கிழமைதாண்ணே. வெளிய மழை, வெள்ளைச் சட்டை சேறாயிடும்."

"மழை பெய்யுதுன்னு கிழமைய மாத்துவாங்களா?"

நாங்கள் படித்துக்கொண்டிருக்கும் பத்திரிகையைக் கையிலிருந்து வாங்கி மடித்துக் கொடுப்பார். அறைத்தோழன் ராமையா காய்ச்சலில் கிடந்தபோது அவன் போர்த்தியிருந்த கம்பளியை மடிக்க ஆரம்பித்தார். முழங்கால் தட்டுப்பட்ட பிறகுதான் உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்டவருக்கு நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு வரன் வந்தது. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணியின் மகள். துணைக்கு நான் போனேன். அக்கரையிலுள்ள பிறைக்குப் படகேறி, பஸ் பிடித்து, அந்த வீட்டு வாசல் வரும்வரை "கைய வச்சுக்கிட்டு சும்மா உக்காருங்கண்ணே" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒழுங்காகவே உட்கார்ந்தார். அப்போது பார்த்து மழை தூற, யாரோ கொடியில் காய்ந்த துணியெல்லாம் அள்ளிவந்து கூடத்து நாற்காலியில் குவித்துவிட்டுப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் ரப்பர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணனின் கண் குவியலை விட்டு நகரவில்லை. "ஒரு நிமிஷம்" என்று எழுந்தார். தகப்பனாரின் வேட்டி முடிந்தது. பிள்ளைகளின் சட்டைகள் முடிந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாமியாராக வேண்டியவரின் சேலை அவர் கையில் இருந்தது.

சேலையை ஒற்றை ஆளாக மடித்தால் அவருக்குத் திருப்தி வராது. மறுமுனைக்கு ஆள் தேடினார். கதவோரம் நின்ற பெண் வந்து அந்த முனையைப் பிடித்தாள். ஓர் உதறு உதறி, மூலைக்கு மூலை சேர்த்து, அவரை நோக்கி நடந்து வந்து கொடுத்துவிட்டு, அடுத்த சேலையின் முனையை எடுத்தாள். தகப்பனார் ரப்பர் விலையை நிறுத்தினார். அதன்பிறகு காப்பி மட்டும் வந்தது.

திரும்பும் படகில் அண்ணன் சொன்னார்: "முனைய எப்படிப் பிடிச்சா பாத்தியா? கொஞ்சங்கூடத் தொய்ய விடலை. சொல்லிக் கொடுத்து வராதுலா அது." அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததேயில்லை.

அடுத்த வாரம் தரகர் வந்தார்.

"பொம்பளை வேலை பாக்குற மாப்பிள்ளை வேணாங்கிறாரு பொண்ணோட அப்பா. பொண்ணு, எனக்குச் சம்மதம்னு சொல்லிப் பாத்துச்சு. அவரு கேக்கலை."

"சரி" என்றார் அண்ணன்.

அந்த ஞாயிறு மூட்டை வந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாரம் முழுக்க மூட்டைக்குள் கைவிட்டு, அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம். ராமையாவின் சட்டைக்குள் நான் காணாமல் போனேன். குடிகாரனுக்கும் சூதாடிக்கும் பெண் கொடுக்கிற ஊரில், துணி மடித்த மனிதருக்கு இல்லை என்றார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மூட்டையை நாங்களே அவிழ்த்தோம். அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்து, காலரை உள்ளே திணித்து, சட்டைக் கைகளை முறுக்கி, வேண்டுமென்றே மகா மோசமாக மடித்தோம். ராமையா ஒரு வேட்டியை உருண்டையாகவே சுருட்டி வைத்தான். பழைய அண்ணனாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு பிடுங்கியிருப்பார்.

எழுந்து உட்கார்ந்து பார்த்தார். "பரவால்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எங்கள் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அண்ணன் எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.