மூக்கால் வாசித்த கடிதம்

எனக்கு நாடகம் எழுத வராது. இதை நான் ஒப்புக்கொள்ள முப்பது வருடம் பிடித்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியர். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மாயாஜால நாடகம் எழுதினேன். கதாநாயகன் பிறவியிலேயே கண் தெரியாத ராஜா. ஆனால் அபூர்வ சக்திக்காரன். மலைக்கு அந்தப் பக்கம் இலை விழுந்தாலும் அவனுக்குக் கேட்கும். வாசத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான். (ராஜா வேஷம் யாருக்கு என்கிறீர்களா? எழுதினவன் வேறு எவனுக்குக் கொடுப்பான்!)

எங்கள் தையல் டீச்சர் ராஜேஸ்வரிக்கும் எனக்கும் ஒரு வருடமாக மனசு ஒத்துப்போயிருந்தது. அவளுடைய அப்பாதான் டீமேக்கரய்யா. ஃபாக்டரியில் தேயிலை பதமாகிவிட்டதா என்று மூக்கை வைத்தே சொல்கிறவர். துரைகூட அவர் மூக்கை எதிர்த்துப் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரிடம் பெண் கேட்கப் போவேன். "இன்னிக்கு மழை வருங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். இதற்குள் ஹட்டனிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் திருவிழா முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாடகத்தில் டீமேக்கரய்யாவை அசத்திவிட்டு, அந்தச் சூட்டோடு கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாடகத்தைப் படித்த ராஜேஸ்வரி கேட்டாள்: "எல்லாம் சரிங்க சார். கடுதாசி வந்தா ராஜா எப்படிப் படிப்பாரு?"

"மந்திரி படிச்சுச் சொல்லுவாரு."

"மந்திரிதானே வில்லன்? அவரு மாத்திப் படிச்சா?"

இரண்டு நாள் யோசித்தேன். மூக்கால் படிக்கலாமா? எந்த எழுத்துக்கும் ஒரே மை வாசம்தானே. காதால் படிக்கலாமென்றால் எழுதும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியில் விரல்தான் என்று முடிவானது. மைதாப் பசையால் எழுதி, மேலே தேயிலைத் தூளைத் தூவிக் காயவைத்தால் எழுத்து சொரசொரவென்று கைக்குத் தட்டுப்படும். பார்க்கிறவர்களுக்குக் கறுப்பு மை போலவும் இருக்கும். ராஜேஸ்வரி ஒரு பொட்டலம் தூள் கொண்டுவந்து தந்தாள்.

பதினைந்து நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகினேன். தலைக்கனம் ஏறிவிட்டது. மந்திரியாக நடித்த பெருமாள் வாத்தியார்தான் கடிதம் எழுதித் தர வேண்டும். அவரிடம், "என்ன எழுதுறீங்கன்னு எனக்குக் காட்டாதீங்க. மேடையிலயே தடவிப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். நல்ல புத்தி உள்ளவன் சொல்கிற பேச்சா அது?

திருவிழா அன்று மத்தியானம் நாடகம் தொடங்கவும் மூடுபனி இறங்கவும் சரியாக இருந்தது. பசை நெகிழ்ந்துவிட்டது. எனக்கு அது எங்கே தெரியும்? கண்தான் கட்டியிருந்ததே. கடிதம் கைக்கு வந்தது. ராஜா முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த மகானும் நான்தான். இழுத்து முகர்ந்தேன். தூள் மூக்குக்குள் போனது. அப்புறம் வந்த தும்மல் ஒன்றா இரண்டா, ஏழு! தடவிப் பார்த்தால் எழுத்தையே காணோம், வெறும் பிசுபிசுப்பு.

"வாத்தியாருக்கே படிக்கத் தெரியலடோய்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

யாரோ மேடை ஏறும் சத்தம் கேட்டது. என்னைக் காப்பாற்றப் பெருமாள்தான் வருகிறார் என்று நினைத்தேன். "வந்தவன் யாரென்று என் மூக்கு அறியும்! அடேய் துரோகி, மண்டியிடு!" என்று கர்ஜித்தேன். யாரும் மண்டியிடவில்லை. என் கையிலிருந்த காகிதம் பறிக்கப்பட்டது. பிறகு நீளமாக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். அந்த மூச்சைத் தெரியாதவர்கள் எங்கள் தோட்டத்தில் கிடையாது.

கண்கட்டை அவிழ்த்தேன். எதிரே டீமேக்கரய்யா. முன்வரிசையில் இருந்த அவருடைய வெள்ளைக் கோட்டு முழுக்க என் தும்மலின் கைங்கரியம்.

"இது ஃபாக்டரித் தூளா வாத்தியாரே?"

தேயிலைத் திருட்டு என்றால் அன்றைக்கே வேலை போய்விடும். "இல்லீங்கய்யா... ஆமாங்கய்யா..." என்று உளறினேன்.

அவர் ஒரு சிட்டிகையைத் தேய்த்து மறுபடி முகர்ந்தார். "ஏலக்கா போட்டு வெச்ச தூளு. இந்தத் தோட்டத்துல என் வீட்டைத் தவிர எவன் வீட்டுலயும் கெடையாது." மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே ராஜேஸ்வரி தலையைக் குனிந்து கால் விரலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஓஹோ! ஞாயித்துக்கெழமையானா மழை கேட்டு வந்தது இதுக்குத்தானா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கிரீடம் கழன்று அவர் காலில் விழுந்தது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் மேடைக்கு அடியில் அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகள் அதிர்ந்தன.

"நாளைக்கு அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. மூக்கச் சிந்திட்டு வாங்க" என்றார் அவர். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, "அன்னிக்கு ஒன்னோட கவனக்கொறைவுலதான் மாட்டிக்கிட்டோம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவேயில்லை.

"வீட்டுல ரெண்டு டின்னு இருந்துச்சுங்க. ஒண்ணு சும்மா தூளு. இன்னொண்ணு அப்பாவுக்குன்னு ஏலக்கா போட்டது. வேணும்னுதான் அதுல அள்ளுனேன். அவர முன்னால ஒக்கார வெச்சதும் நான்தான். நீங்க மழை கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஹட்டன்காரன் தாலியே கட்டியிருப்பான். அதான் அப்பாவுக்குப் புரியற மாதிரி நானே எழுதிட்டேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் பிள்ளைகள் இன்றுவரை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறார்கள்: "எங்க அம்மா எழுதுன ஒரே லெட்டரு அது. தாத்தா கரெக்டா படிச்சிட்டாரு. அப்பாவா? அவரு தபால்காரரு."