கதவு சாத்தினதுக்குப் பிறகு உள்ள பக்கம்

இண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாவலைப் பிரிண்ட் எடுக்கணும், தபால் கந்தோர் பூட்ட முதல் கொழும்புக்கு அனுப்பணும். அவ்வளவுதான்.

ஒரு பதிப்பகம் நாவல் போட்டி வைச்சிருக்கு. தாளிலதான் வேணுமாம், தபால்ல போட இண்டைக்குக் கடைசி நாளாம். ஏன் கடைசி நாள் வரைக்கும் வைச்சிருந்த எண்டு கேக்காதீங்க. "நாளைக்குச் செய்வம் எண்டு வைக்காதீங்க பிள்ளைகள்" எண்டு வகுப்பில தொண்டை கிழியக் கத்துற கணக்கு டீச்சர் நான்.

ஓம், டீச்சர். முகநூல்ல உங்களுக்கெல்லாம் நான் ஆம்பல்செல்வி. பள்ளிக்கூடத்தில வேற பேர். ரெண்டும் ஒரே ஆள் எண்டு எங்கட அதிபருக்குத் தெரிஞ்சா நான் துலைஞ்சன்.

போன மாசம் ஒரு பிள்ளையிட மேசைக்குள்ள இருந்து காதல் நாவல் ஒண்டைப் பிடிச்சு, காலைக் கூட்டத்தில தூக்கிக் காட்டினவ. "இதை வாசிச்ச பிள்ளையில பிழை இல்ல. எழுதினவங்களைத்தான் முழங்கால்ல நிக்க விடணும்!" அது நான் எழுதினது இல்ல. எண்டாலும் அண்டைக்கு முழுக்க எனக்கு முழங்கால் நொந்த.

அதனாலதான் பழுகாமத்தில இருந்து மட்டக்களப்பு டவுனுக்கே வந்தன். அங்க என்னை ஆருக்குத் தெரியப் போகுது? அதிபர்ட வீடே டவுனிலதான் எண்டது அந்த நேரம் மூளைக்கு வரல்ல.

கூட்டி வந்தது எங்கட இவர், என்ட புருசன். உழவு மெசின் திருத்துறவர். நான் கதை எழுதுறது தெரியும். வாசிக்க மாட்டார். "எத்தினை கதை எழுதினாலும் உன்ட கதாநாயகன் எல்லாம் பாட்டுக்காரன்தானே. ஒரு மெக்கானிக்கைக் காதலிச்சா என்ன குறைஞ்சு போகும்?" எண்டது மட்டும்தான் இதுவரைக்கும் அவர் சொன்ன விமர்சனம். மோட்டர் சைக்கிளை வாகை மரத்துக்குக் கீழ விட்டிட்டு, ஹெல்மட்டும் கழட்டாம கச்சான் கடலை கொறிச்சுக்கொண்டு நிண்டார்.

நான் கடைக்குள்ள போனன். போட்டோ கொப்பிக் கடைக்காரர் காத்தான்குடி முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நாநா, நல்ல மனிசன். பென் டிரைவை வாங்கினார்.

"என்ன புத்தகம் தங்கச்சி?"

"தெரியா நாநா. ஒரு ஆள் எடுத்துத் தரச் சொன்னவங்க."

இதுதான் முதல் பிழை.

ரெண்டாவது பிழை, பக்கத்துக்கு இலக்கம் போடாதது. கணக்கு டீச்சர்!

மெசின் தாளைத் துப்பத் துவங்கின. நாநா லேசான ஆள் இல்ல. இலக்கம் இல்லாட்டி, ஒரு தாள்ட கடைசி வரியையும் அடுத்த தாள்ட முதல் வரியையும் சேர்த்து வாசிச்சுப் பார்த்துத்தான் அடுக்குவார். "என்ட கடையில இருந்து குறைப் புத்தகம் போனதில்ல" எண்டு பெருமை வேற.

கதை தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றன். உலகப் புகழ் பாடகன் ஆதவன் எங்கட மட்டக்களப்பு வாவியில மீன் பாடுற சத்தம் கேக்க வாறான். தோணி கவிழுது. வதனி காப்பாத்துறா. அவன் ஆரெண்டு அவளுக்குத் தெரியாது. பிறகு தெரியுது, கோவிக்கிறா, சமாதானம், கல்யாணம், அவன்ட பங்களாவுக்குப் போறா. அண்டைக்கு இரவு அறைக் கதவு சாத்துது. என்ட எல்லாக் கதையிலயும் கதவு சாத்தினா அத்தியாயம் முடிஞ்சிரும். அது என்ட சட்டம்.

நாநா அந்த இடத்தில நிண்டிட்டார்.

"தங்கச்சி, இதில ஒரு தாள் குறையுது."

"குறையாது நாநா."

"இஞ்ச பாருங்க." கடைக்கே கேக்கிற மாதிரி வாசிச்சார். "‘ஆதவன் அவள் கையைப் பற்றினான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.’ சரியா? அடுத்த தாள், ‘காலையில் அவனே தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தான்.’ அப்ப நடுவில இருந்த ராவு எங்க?"

"அது... அவ்வளவுதான் நாநா."

"நீங்க எழுதினதில்லையே, உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆரோ கஷ்டப்பட்டு எழுதினத இப்பிடிக் குறையா அனுப்பலாமா?"

என்ட பொய்யே என்ட வாயைப் பொத்திற்று.

நாநா மெசினை நிப்பாட்டினார். மூடியைத் திறந்தார். போன் லைட்டை அடிச்சு உள்ளுக்குப் பார்த்தார். எனக்குப் பின்னால வரிசை நீளுது.

கைக்குழந்தையோட நிண்ட ஒரு அக்கா சொன்னா, "மெசின் திண்டிருக்கும் நாநா. அந்தத் தாளைக் கொண்டாங்க, நானும் பார்ப்பம்."

பார்த்தா. முன்னால உள்ள தாளையும் பார்த்தா. அதுக்கு முன்னால உள்ளதையும் வாங்கினா. வாசிச்சு முடிச்ச தாள் அடுத்த ஆளிட கைக்குப் போகுது. கல்யாணப் பந்தியில சோறு பரிமாறுற மாதிரி என்ட நாவலைப் பரிமாறிக்கொண்டிருக்கிறாங்க!

வந்தாறுமூலை கெம்பஸ் பிள்ளைகள் ரெண்டு பேர் நிண்டவங்க. அதில ஒருத்தி துள்ளினா.

"ஐயோ, இது ஆம்பல்செல்விட கதை! நாநா, மெசினைத் தேடாதீங்க. அவ எப்பவும் கதவைச் சாத்திருவா. அந்தக் கதவை ஏசாத ஆள் எங்கட ஹொஸ்டல்ல இல்ல."

மற்றவ என்னைப் பார்த்தா. "அக்கா, இது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்ச? நீங்களா..."

உண்மையைச் சொல்லணும், அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்திற்று. வாசகர் ஒரு ஆளை நேர்ல கண்டது இதுதான் முதல் தரம். ஓம், நான்தான் எண்டு சொல்ல வாயைத் திறந்தன்.

"என்ன டீச்சர், நீங்க இங்க?"

அதிபர்!

கையில வினாத்தாள் கட்டு. அந்தக் குழந்தைக்கார அக்கா, கேக்காமலே, "பாருங்க மேடம், ஒரு தாளைக் காணல்ல" எண்டு என்ட நாவலை அதிபர்ட கையில குடுத்தா. அதிபர் கண்ணாடியைச் சரி செய்து வாசிச்சா. எனக்கு முழங்கால் திரும்பவும் நோகத் துவங்கிற்று.

"இது ஆர் எழுதினது?"

"எங்கட இவர்!"

சத்தியமா நான் யோசிக்கல்ல. விரல் தன்ட பாட்டில வெளியில காட்டிற்று. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்த. வாகை மரத்துக்குக் கீழ, ஹெல்மட், மீசை, சேட்டில கிரீஸ். கச்சான் கோதை ஊதிக்கொண்டு நிண்டார் ஆம்பல்செல்வி.

கெம்பஸ் பிள்ளைகள் ஓடிப் போய்க் கையில பிடிச்சுக் கூட்டி வந்தாங்க.

நாநா எழும்பி நிண்டார். "தம்பி, நீங்கதானா ஆம்பல்செல்வி?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால கெஞ்சினன். கல்யாணம் கட்டின நாளில இருந்து இந்த மனிசன்ட்ட நான் அப்பிடிக் கெஞ்சினதில்ல.

"ஓம்" எண்டார்.

"அப்ப இந்த ராவு எங்க?"

இவர் தாளை வாங்கினார். விரல் வைச்சு மெதுவா வாசிச்சார். அவர் என்ட எழுத்தை வாசிக்கிறதை நான் பார்த்தது இண்டைக்குத்தான். பிறகு தாளை நாநாட்ட திருப்பிக் குடுத்தார்.

"கல்யாணம் முடிச்சவங்க கதவைச் சாத்திற்றாங்க. அங்கால நமக்கென்ன வேல நாநா?"

நாநா அந்த ரெண்டு தாளையும் இன்னொருக்காச் சேர்த்துப் பார்த்தார்.

"அதுவும் சரிதான்" எண்டு நாநா மெசின் மூடியைச் சாத்தினார்.

அதிபர்ட முகம் மலர்ந்திற்று. "பாருங்க டீச்சர், இதுதான் ஒழுக்கமான எழுத்து! இப்பிடி ஒரு ஆளை வீட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லல்லையே நீங்க?"

அப்பிடியே விட்டிருந்தா நல்லம். அந்தக் குழந்தைக்கார அக்கா விடல்ல.

"தம்பி, கல்யாணம் முடிச்சு அந்தப் பிள்ளை ஏன் அவன்ட பங்களாவுக்குப் போறா? எங்கட பக்கம் மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டுக்கு வாற, தாய் தகப்பன் பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுக்கல்லையா?"

"அது பிழைதான் அக்கா" எண்டார் என்ட மனிசன், கொஞ்சமும் யோசிக்காம. "நானே மனிசிட வீட்டுக்குத்தான் வந்தன். பாட்டுப் பாடினா என்ன, அவனும் வரட்டும். மாத்திருவம்."

மாத்திருவமா? ஆர்ட கதையை ஆர் மாத்திற? ஆதவன்ட பங்களாவை நான் மாசக் கணக்கா எழுதினன்! பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சன்.

"பாட்டுக்காரன் எதுக்கு அண்ணே? வேற தொழில்காரன் கதாநாயகனா வர மாட்டானா?" எண்டு ஒரு கெம்பஸ் பிள்ளை கேட்டா.

"அடுத்தது மெக்கானிக்" எண்டார்.

எல்லாரும் கை தட்டினாங்க. அந்தப் பிள்ளைகள் அவரோட செல்பி எடுத்தாங்க. அதை எடுத்துக் குடுத்தது நான்.

தபால் கந்தோர் பூட்டுற நேரத்துக்கு ஓடிப் போய் ஒரு மாதிரி அனுப்பிற்றன். பின்னாலயே வந்த அதிபர் வெளியில நிண்டா. பள்ளிக்கூட வாசிப்பு மாத விழாவுக்கு இவர்தானாம் பிரதம விருந்தினர். பொன்னாடை போர்த்துறதாம். "வரவேற்புரை நீங்க சொல்லுங்க டீச்சர். அவர்ட எழுத்தைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை கதையுங்க."

என்ட எழுத்தை நானே புகழ்ந்து, பொன்னாடையை அவருக்குப் போர்த்தணும்.

அதிபர் முகநூல்ல இல்ல எண்ட தைரியத்திலதான் இதை எழுதுறன். அந்தக் கெம்பஸ் பிள்ளைகள் ரெண்டு பேரும் இதை வாசிச்சா, தங்கச்சிமாரே, மன்னிச்சுக்கொள்ளுங்க. வாயை மட்டும் திறந்திராதீங்க.

திரும்பி வரக்குள்ள எனக்குச் சரியான கோவம். ஆனா அந்தக் கதவு விஷயம் மட்டும் மனசுக்குள்ள இனிச்சுக்கொண்டே வந்த. நான் இவ்வளவு காலம் விளங்கப்படுத்த ஏலாம நிண்டதை, வாசிக்காத மனிசன் ஒரு வரியில சொல்லிற்றார்.

பட்டிருப்புப் பாலத்தில மோட்டர் சைக்கிள் மெதுவாகிற்று. கழுத்தைத் திருப்பினார்.

"டீச்சர்."

"என்ன?"

"எனக்கு மட்டும் சொல்லுங்க. கதவு சாத்தினதுக்குப் பிறகு என்ன நடந்த?"

நான் என்ட ஹெல்மட் கண்ணாடியை இறக்கிச் சாத்தினன்.