இரவல் ஸ்பானர்

பழைய ஸ்பானர் சேர்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய இரும்புக் கடை வாசலில், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, குவியலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார்களே, அவர்கள்தான். பாவம், எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

நம்மவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு நட்டைக்கூட முடுக்கியவர் இல்லை. ஆனால் தெருவில் அவருக்கு 'ஸ்பானர் சார்' என்றுதான் பெயர். துருவேறிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மனைவியின் பல் பிரஷ்ஷால் (பழைய பிரஷ்தான் என்று சாதிப்பார்) தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, அது செய்யப்பட்ட வருஷத்தில் பாதி அழிந்த எண் ஒன்று தென்பட்டுவிட்டால் போதும், வீடே கூடியாக வேண்டும்.

"இது மூணா, எட்டா? பார்த்துச் சொல்லு!"

"எட்டு" என்பார் மனைவி, அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில்.

"மூணும்மா! முப்பதுகள்ல செஞ்சது! எட்டா இருந்தா இது வெறும் இரும்பு!"

இப்படி மூன்றானவை எல்லாம் கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கின. தொட யாருக்கும் அனுமதியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைக் குழாயின் நட்டு கழன்று தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"என்னங்க! ஒரு ஸ்பானர் குடுங்க, சீக்கிரம்!"

"எந்தக் காலத்து..."

"கையில கிடைக்கிற காலத்துது!"

சுவர் முன்னால் நின்றார். ஒன்றின்மேல் கை போனது. ஐயோ, இதன் வாயில் கீறல் விழுந்தால்? அடுத்தது? இது ஜோடியில் ஒன்று. மரப்பிடி போட்டதா? அதன் பக்கம் போன கையை அவரே இழுத்துக்கொண்டார். தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எதிர் வீட்டுக்கு ஓடினார்.

"ஒரு ஸ்பானர் இருந்தா குடுங்களேன்."

எதிர் வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கா சார்?"

"எங்கிட்ட இருக்கறதெல்லாம்... வேலைக்கு இல்லீங்க."

திரும்பி வந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. தெப்பலாக நனைந்த மனைவியின் கையில் மரப்பிடி ஸ்பானர்.

"சும்மா சொல்லக் கூடாதுங்க, நல்லாப் பிடிக்குது. இனிமே இது என் டிராயர்லயே இருக்கட்டும்."

அதன் வாயில் புதுக் கீறல்கள் பளபளத்தன. கத்தத்தான் வாயைத் திறந்தார். இரவல் ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த முகத்தோடு கத்துவது? சிரிப்புதான் வந்தது. முதலில் அசட்டுச் சிரிப்பு, பிறகு நிஜச் சிரிப்பு. மனைவியும் சேர்ந்துகொண்டார். தரையை இருவருமாகத் துடைத்தார்கள்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? இரவலைத் திருப்பித் தரப் போனவர் எதிர் வீட்டு வாசலில் நின்று, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஏங்க, இதுல போட்டிருக்கறது மூணுதானே? இதை எனக்கே குடுத்துடறீங்களா?"

நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள்: விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்களே பீங்கான் கோப்பைகள், அதில் நீங்கள் என்றைக்காவது காபி குடித்ததுண்டா?