மீனுக்குத் தெரியாத பாஷை

உலகத்திலேயே மீன்களின் தாய்மொழியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வேன் மாமாதான். புனே மீனுக்கு மராத்தி நன்றாகத் தெரியும், ஹிந்தி தெரியும், இங்கிலீஷ் புரியும் ஆனால் பேச வராது, தமிழ் மட்டும் சுத்தமாகத் தெரியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. சிரிக்காமல்தான் சொல்வார். குழந்தைகளும் சிரிக்காமல்தான் கேட்டுக்கொள்ளும். சிரித்த ஒரே ஆள் நான். அதற்குக் கிடைத்த தண்டனையைப் பிறகு சொல்கிறேன்.

புனேயின் விஷ்ராந்த்வாடியில் எங்கள் சொசைட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற வேன் அவருடையது. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. தமிழ் அம்மாக்களின் போனில் ‘வேன் மாமா’, மராத்தி அம்மாக்களின் போனில் ‘வேன் காகா’. தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்காகக் கட்கிக்கு வந்தவர். மூன்று தலைமுறையில் குடும்பத் தமிழ் வழியெல்லாம் எதையெதையோ ஏற்றிக்கொண்டுவிட்டது. “அரே, ஜல்தி ஏறுங்கடா, டோக்கு கராப் பண்ணாதீங்கோ” என்று, அதாவது தலையைக் கெடுக்காதீர்கள் என்று, அவர் ஹாரன் அடித்தால் எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் புரியும்.

நான் கோயமுத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் ஒருநாள் லிஃப்டில் தியா என்ற ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்தேன். அம்மா தமிழ், அப்பா மராத்தி. “அக்காவுக்கு வணக்கம் சொல்லு” என்றாள் அம்மா. தியா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வணக்கம் மண்ஜே காய்?” என்று மராத்தியில் கேட்டாள். வணக்கம் என்றால் என்ன என்று அர்த்தம். எனக்கு நெஞ்சில் யாரோ தட்டியதுபோல் ஆகிவிட்டது. அந்த நொடியில்தான் யோசனை வந்தது: தமிழ் வகுப்பு! நான் அப்படித்தான். நாலாவது மாடியில் யோசனை வந்தால் லிஃப்ட் தரைக்கு வருவதற்குள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருப்பேன்.

ஞாயிறு காலை எட்டு மணி, கிளப் ஹவுஸ். வெள்ளைப் பலகை வாங்கினேன், படம் போட்ட அட்டை வாங்கினேன். முதல் வாரம் ஒன்பது குழந்தைகள். இரண்டாவது வாரம் நாலு. மூன்றாவது வாரம் வாட்ச்மேன் மட்டும் வந்தார். பாவம், நல்ல மனிதர், ‘ஈ’ வரைக்கும் கற்றுக்கொண்டார்.

என் மாணவர்கள் எங்கே என்று ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டில் பள்ளி வேன். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளி வேனா? ஜன்னல்களிலிருந்து மூங்கில் கழிகள் நீட்டிக்கொண்டு, முள்ளம்பன்றி ஒன்று இண்டிகேட்டர் போட்டு நிற்பதுபோல இருந்தது. உள்ளே ஒன்பது பேர். கூடவே முறை வைத்துப் போகும் ஒரு அப்பா, தூங்கியபடி. நான் படியிறங்கி ஓடினேன்.

“ஏனுங்க மாமா, எங் கிளாஸ் பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்க போறீங்க?”

“மீன் புடிக்க.”

“தமிழ் கிளாஸ்ங்க!”

“இன்னா டீச்சரம்மா, கோச்சிக்கிறே? நானும் தமிழ் கிளாஸ்தான் எடுக்கறேன். ஏரிக்கரையில தமிழ் தவிர ஒரு வார்த்தை பேச உடமாட்டேன். வேற பாஷை பேசினா பத்து நிமிஷம் வேன்ல உக்காரணும். கேட்டுப் பாரு.”

“எதுக்கு?”

அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னார். ஒன்பது தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின. எனக்குப் புல்லரித்துவிட்டது. கட்கியில் பிறந்து வளர்ந்த மனிதர், தமிழ் எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர், மாற்றாந்தாய் மண்ணில் எப்படியெல்லாம் தமிழ் வளர்க்கிறார்! அன்று இரவே அவரைப் புகழ்ந்து குரூப்பில் ஒரு நீண்ட பதிவு போட்டேன். அடுத்த ஞாயிறு வெள்ளைப் பலகையை விட்டுவிட்டு நானும் வேனில் ஏறினேன்.

ஏரி ஆளந்தி ரோட்டைத் தாண்டிப் போனால் வரும். பெயரைச் சொல்லக் கூடாது என்று மாமா உத்தரவு; சொன்னால் அடுத்த வாரம் நீங்கள் எல்லோரும் வந்துவிடுவீர்களாம். கரையில் முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரும் போகாதபடி செங்கல் வைத்து எல்லை போட்டிருந்தார். ஆளுக்கொரு கழி. வழியில் வாங்கிய வடாபாவில் வடை குழந்தைகளுக்கு, பாவ் ரொட்டி மீனுக்கு. அப்புறம் நான் ஒரு அதிசயத்தைப் பார்த்தேன். வாரம் முழுக்க வேனின் கூரையைப் பெயர்க்கிற அந்தக் கும்பல் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தது. ஒன்பது வயது நிகில், அந்தக் கும்பலின் தலைவன், தண்ணீரைக் காட்டி மெதுவாகச் சொன்னான்: “மாமா... அங்க... பெருசு.” அவ்வளவுதான். அதோடு அவன் சரக்கு தீர்ந்துவிட்டது.

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மாமா முறைத்தார். “சாரி மாமா” என்றேன்.

“சாரி இங்கிலீஷு!” என்றான் நிகில்.

பத்து நிமிஷம் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் வேன் கதவின் உள்பக்கத்தைக் கவனித்தேன். முதல் மீன் பிடித்த ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் மாமா வெள்ளைப் பெயின்டில் மராத்தி எழுத்தில் எழுதியிருந்தார். எட்டுப் பெயர்கள். ஒன்பதாவது இடம் காலி. அது தியாவுக்கானது.

தியாவின் கஷ்டம் இதுதான். அவள் தூண்டிலில்தான் மீன் முதலில் கொத்தும். ஆனால் தக்கை உள்ளே போனதுமே அவளுக்குத் தமிழும் தெரியாது, தன்னையும் தெரியாது. “லாக்லா! லாக்லா!” என்று எக்கிக் குதித்துக் கழியை வானத்துக்குத் தூக்கிவிடுவாள். முள் மட்டும் வரும். மாட்டிக்கிச்சு என்பதற்கு மராத்தியில் லாக்லா.

“பாத்தியா?” என்பார் மாமா. “புரிஞ்சிகினு ஓடிடுச்சு.”

எட்டுப் பேரும் தலையாட்டுவார்கள். இதைவிடப் பெரிய நிரூபணம் வேறென்ன வேண்டும்? தியா தானாகவே எழுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வேனில் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துகொள்வாள். எதிரே அந்தக் காலி இடம்.

மார்ச் மாதம் தியாவின் அம்மா செய்தி சொன்னாள். அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல். பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறார்கள். தியா கேட்ட முதல் கேள்வி, “இன்னும் எத்தனை சண்டே?” ஐந்து.

சும்மா இருப்பேனா நான்? தியாவை லிஃப்டில் பிடித்துக்கொண்டேன். “லாக்லா இல்ல. கவ்விருச்சு. சொல்லு.” ஏறும்போது கவ்விருச்சு, இறங்கும்போது கவ்விருச்சு. அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் மற்றவர்கள் விடுவார்களா? “அக்கா, இதுக்கு என்ன, அதுக்கு என்ன” என்று பிய்த்தார்கள். தக்கை, முள், தூண்டில் நரம்பு, இரை, மண்புழு எல்லாம் கொடுத்தேன். இழு, விடு, நழுவிருச்சு, நீ தள்ளி உக்காரு, உன் முள்ளு என் நரம்புல சிக்கிருச்சு, உனக்குக் கண்ணு தெரியாதா என்று தேவையானது அனைத்தும் கொடுத்தேன். அந்த ஏரியில் நிறைய வரும், இங்கே சிலாபி என்கிற மீனுக்குத் தமிழில் ஜிலேபி என்று நான் சொன்னபோது, அக்கா ஏமாற்றுகிறாள் என்று கரையில் உருண்டு சிரித்தார்கள். ஜிலேபி ஸ்வீட்டு, மீன் எப்படி ஜிலேபி? அதைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் தமிழிலேயே சண்டை. நிகில் மொட்டை மாடியில் நடந்த ஏதோ ஒரு கதையைத் தமிழில் ஆரம்பித்து முடிக்கவேயில்லை. என் கண்ணில் தண்ணீர். வெள்ளைப் பலகையால் முடியாததை ஒரு மூங்கில் கழி சாதித்துவிட்டது!

ஒன்றே ஒன்றுதான் குறை. மீன் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை, இரண்டு வாரம் வரவில்லை, நாலு வாரம் வரவில்லை. தியாவின் தக்கை ஒரு தரம்கூட ஆடவில்லை. “அக்கா, கவ்விருச்சு சொல்ல வேண்டியதே வரலியே” என்றாள்.

நாலாவது ஞாயிறு மாமா என்னை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். ஏன் இதுங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தே?”

“என்னங்க மாமா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே...”

“நான் எங்கம்மா தமிழ் வளத்தேன்? திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் காலையில ஒரு டிரிப்பு, மதியம் ஒரு டிரிப்பு, இதுங்கோ வாய் மூடுறதே இல்ல. சத்தம் போட்டா மீன் வராது. சும்மா இருங்கன்னா கேக்குமா? இதுங்களுக்குத் தமிழ்ல பத்து வார்த்தைதான் தெரியும். பத்து வார்த்தையை வெச்சுகினு எவ்ளோ நேரம் பேச முடியும்? அதான் அந்த ரூலு. ரெண்டு வருசமா நல்லா நடந்துச்சு. நீ வந்தே...” என்று கரையைக் காட்டினார். அங்கே நிகில் யாரிடமோ, “உனக்குக் கண்ணு தெரியாதா?” என்று மிகச் சுத்தமான உச்சரிப்பில் கத்திக்கொண்டிருந்தான்.

 குரூப்பில் நான் போட்ட புகழ்ப் பதிவு ஞாபகம் வந்தது.

“சைலன்ஸ்தான் வேணும்னா தனியாப் போயிருக்கலாமே மாமா?”

நான் ஏதோ புத்தி கெட்டுப் பேசியதுபோல் பார்த்தார். “தனியாப் போனா போர் அடிக்கும்ல?”

கடைசி ஞாயிறு. ஏரிக்கு நூறு அடி முன்னால் வேனை நிறுத்தித் திரும்பி உட்கார்ந்தார் மாமா.

“கேளுங்கடா. மீனுங்கோ தமிழ் கத்துக்கிச்சு.”

வேன் முழுக்க ஒரு பெருமூச்சு. “யார் சொல்லிக் கொடுத்தா?” என்றான் நிகில்.

 மாமா என்னைப் பார்த்தார். ஒன்பது தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. அந்த மாதிரி என்னை என் மேனேஜர்கூடப் பார்த்ததில்லை.

“இனிமே அதுங்களுக்குத் தெரியாத பாஷை ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி” என்று சொல்லி மாமா உதட்டில் விரலை வைத்தார்.

அன்று கரையில் நீர்க்கோழி நடக்கிற சத்தம் கேட்டது. நான்கூட வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரம் போயிருக்கும். தியாவின் தக்கை லேசாக நடுங்கியது. நின்றது. அப்புறம் ஒரே அமுக்கு, உள்ளே போய்விட்டது.

தியாவின் வாய் திறந்தது. ‘லா’ என்று தொடங்கிவிட்டது. சட்டென்று ஞாபகம் வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு கையாலும். கழி?

கழி கரையில் சரிந்து, செங்கல் எல்லையைத் தாண்டி, தண்ணீருக்குள் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மாமா பாய்ந்தார். இஸ்திரி போட்ட பேன்ட், பையில் போன், எதையும் பார்க்கவில்லை. தொபுக்கென்று சேற்றில் விழுந்து, “அரே தேவா! பகட்! புடி புடி! ஹோல்டு!” என்று தனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் கத்திக்கொண்டே கழியின் நுனியைப் பிடித்து மேலே தூக்கினார். நரம்பின் முனையில் உள்ளங்கை அளவு ஒரு ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது.

 நிகில்தான் முதலில் வாயைத் திறந்தான். “மாமா, நீங்க நாலு பாஷையில கத்துனீங்க. மீன் ஏன் ஓடல?”

 இரண்டு வருடக் கொள்கை ஊசலாடுகிறது. மாமா மார்பு வரை சேற்றோடு நின்று அந்த மீனைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். அதன் கன்னத்தருகே வாயைக் கொண்டுபோய், “ஏய்!” என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

“இது செவிடு” என்றார்.

எட்டுப் பேருக்கும் திருப்தி. தியா மட்டும் இன்னும் வாயைப் பொத்தியபடியே இருந்தாள். “தூண்டில் யாருது?” என்று கேட்டார் மாமா. அவள் தன்னைக் காட்டினாள். “அப்போ மீன் யாருது?” மெல்லக் கையை எடுத்து, யாருக்கும் கேட்காத குரலில், ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்: “கவ்விருச்சு.”

வழக்கம்போல் பத்து நிமிஷம் பக்கெட்டில் விருந்து வைத்துவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டோம். “போயிட்டு வா” என்றாள் தியா. செவிட்டு மீன் என்பதால் கொஞ்சம் சத்தமாக.

கதவில் தன் பெயரைத் தானே தமிழில் எழுதுவேன் என்று அடம்பிடித்தாள். நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினாள். ‘தீயா’ என்று வந்தது. மாமாவுக்குத் தமிழ் படிக்க வராது. “கரெக்டா எழுதிச்சா?” என்று என்னைக் கேட்டார்.

“ரொம்பக் கரெக்ட்டுங்க மாமா.”

அவர்கள் வீட்டைக் காலி செய்த நாளில் மாமா சாமான் லாரிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். எந்தப் பாஷையிலும் எதுவும் சொல்லவில்லை. கார் நகரும்போது மட்டும் “போயிட்டு வா” என்றார். பிறகு யாருமில்லாத வேனில் ஏறி உட்கார்ந்து காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் போனுக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. அன்று ஞாயிறு, வேன் நிறைய ஆட்கள், ஒரே இரைச்சல். “சத்தம் போடாதீங்கடா!” என்று கத்தினார். பக்கத்தில் ஏரியும் இல்லை, மீனும் இல்லை. என்ஜினையும் அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினார்.

“மாமா, நான் தியா. இங்க ஒரு ஏரி இருக்கு. இங்க மீனுக்குத் தமிழ் தெரியல. நான் பேசிப் பாத்தேன். அதுங்களுக்கு மராத்தி மட்டும்தான். நீங்க எப்ப வருவீங்க?”

மூன்று தடவை போட்டார்.

நேற்று ஆபீஸிலிருந்து வந்தபோது கேட்டுக்கு வெளியே வேனை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, நாலு புது டயர் மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மூச்சு வாங்குகிற வேன் அது.

“எதுக்குங்க மாமா?”

“தீபாவளி லீவுல நாக்பூர் போறோம். ஆறு வயசுக் குழந்தை சொல்லிச்சுன்னு நம்பிட முடியுமா? நேர்ல போய் டெஸ்ட் பண்ண வேணாவா?” டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். “நீயும் வா டீச்சரம்மா. வர்றப்போ தமிழ் வார்த்தை நெறையா எடுத்துகினு வா. அவ்ளோ தூரம் வாயை மூடிகினு போக முடியாது.”