ஏரிக்கரையில் நடந்த டவர் ஸ்பீக்கர் ஆய்வு

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று அரியலூரிலும் இருந்தது. எங்கள் கண்காணிப்பாளர் கலையரசன் அவர்களின் மகள் பிரவீணாவைப் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து வர இருந்தவர்கள் முதலில் விசாரித்தது ஸ்பீக்கரை.

எங்கள் அலுவலகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் வறட்சி மற்றும் வெள்ள ஒருங்கிணைந்த மதிப்பீட்டு அலுவலகம். மழை பெய்யாவிட்டால் வறட்சி என்று எழுதுவோம். பெய்தால் தா.பழூர் பக்கம் வெள்ளம் என்று எழுதுவோம். அளவாகப் பெய்துவிட்டால் எழுத ஒன்றும் இல்லாமல், ஏன் ஒன்றும் இல்லை என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுதுவோம். இதே அலுவலகத்தின் பெரம்பலூர்க் கிளைக்குத் தலைமை அதிகாரி வீரமுத்து. அவர் மகன் மணிவேல்தான் மாப்பிள்ளை.

பிரவீணாவும் மணிவேலும் பெரம்பலூரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். படிக்கும்போதே முடிவு செய்துவிட்டார்கள். பிறகு ஒரு தரகரைப் பிடித்து, ஜாதகத்தைக் கையில் கொடுத்து, பெரியவர்கள் தாங்களாகவே இந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் வீரமுத்து போன் செய்தார்.

"நகை, சீரு எதுவும் நமக்கு வேணாங்க. ஆனா உங்க ஹால்ல டவர் ஸ்பீக்கர் இருக்கா?"

"டிவி இருக்குங்க சார்."

"டிவி எல்லார் வூட்லயும்தான் இருக்கு. சவுண்டு தெரியாத வூட்ல எப்படிங்க சம்பந்தம் பண்றது? நாலு பேரு என்னைய என்ன நெனைப்பாங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வருடம் பெரம்பலூரில் அதிகாரிகள் வீடு என்றால், டிவிக்கு இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்குக் கறுப்பாக இரண்டு பெட்டிகள் நின்றாக வேண்டும். அவற்றில் பாட்டு கேட்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி.

கலையரசன் அன்றைக்கே போய் ஒரு ஜோடி வாங்கி வந்தார். அவற்றைப் பொருத்திக் கொடுக்கக் கடையிலிருந்து செல்லக்கண்ணு என்பவர் வந்தார். உதவிக்கு நானும் போயிருந்தேன். அலுவலகத்தில் நான் உதவியாளர், வேறெங்கே போவேன்?

செல்லக்கண்ணு இரண்டு பெட்டிகளையும் தள்ளித் தள்ளி வைத்து, லேசாக உள்பக்கம் திருப்பி, நடுவில் சோபாவைப் போட்டார். "இங்க உக்காந்து கேளுங்க சார். சும்மா கோயில்ல உக்காந்த மாதிரி இருக்கும்."

கலையரசன் உட்காரவில்லை. "என் வூட்டு சவுண்டை என் வூட்டுக்குள்ளயே உக்காந்து நானே நல்லாருக்குன்னு சொல்லிக்கிறதா? அது சுய சான்றுங்க. செல்லாது."

"வேற எங்க சார் உக்காந்து கேப்பாங்க?"

"காதுகுத்துக்கு மைக் செட் கட்டுறவன் என்ன பண்றான்? புளியமரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு அடுத்த ஊரு எல்லைக்குப் போயி நின்னு கேக்குறான். அங்க கேட்டாத்தான் செட்டு நல்ல செட்டு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதான் முறை."

செல்லக்கண்ணு, "சார், அது குழாய். இது வூட்டுக்குள்ள கேக்குறது" என்றார். கலையரசன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பெட்டிகள் இரண்டும் சோபாவுக்கு முதுகைக் காட்டி, கொல்லைப்பக்கத்து ஜன்னலை நோக்கித் திருப்பப்பட்டன. செல்லக்கண்ணு வயர்களைச் சொருகிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

கொல்லைக்குப் பின்னால் சோளக்காடு. அதைத் தாண்டினால் ஏரிக்கரை. ஏரிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வேலை நாட்களில் பிற்பகலில் அங்கே வெடி வைப்பார்கள். தரை ஒரு தடவை அதிரும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கலகலக்கும். எங்கள் ஊரில் அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெரம்பலூர்க்காரர்களுக்கு இது தெரியாது.

ஏரிக்கரையில் போனும் கையுமாக என்னை நிற்க வைத்துவிட்டு, கலையரசன் வீட்டுக்குள்ளிருந்து சோதனை நடத்தினார்.

"நல்லுசாமி, கேக்குதா?"

"லேசா கேக்குதுங்க சார்."

"லேசான்னா என்னய்யா? நம்ம ரிப்போர்ட்ல லேசான வெள்ளம்னு என்னிக்காவது எழுதியிருக்கமா? கேக்குது, இல்ல கேக்கல. ஒண்ணைச் சொல்லு."

"கேக்குதுங்க சார்."

"அப்ப சத்தத்தைக் கூட்டவா?"

கூட்டினார். அவர் மனைவி பானுப்ரியா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கத்தியது போனில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வூட்டுக்குள்ள இருக்குற மனுசங்களுக்குக் காது போவுது. ஏரியில இருக்குற கொக்குக்குப் பாட்டா?"

அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அன்று வேலை நாள். ஆனால் இரண்டு மாவட்ட அதிகாரிகளும் 'ஏரி நீர்மட்டக் கள ஆய்வு' என்று எழுதி வைத்துவிட்டு வந்தார்கள். ஏரிக்கரையில்தான் நிற்கப்போகிறார்கள் என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை.

வீரமுத்துவும் அவர் மனைவி உண்ணாமலையும் மணிவேலும் காரிலிருந்து இறங்கினார்கள். பிரவீணா காபி கொண்டுவந்தாள். வீரமுத்து அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து நின்ற பெட்டிகளையே சுற்றி வந்தார். எனக்குப் பகீர் என்றது. இந்தப் பெண்ணை நான் பாவாடை சட்டைக் காலத்திலிருந்து அறிவேன். இரண்டு மரப்பெட்டிகளின் யோக்கியதையில் அவள் கல்யாணம் தொங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"வெளிப்பக்கமா திருப்பியிருக்கீங்க?" என்றார் வீரமுத்து.

கலையரசன் சுய சான்று விவகாரத்தை விளக்கினார். வீரமுத்துவின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு நாளா எங்க பெரம்பலூர்ல ஒருத்தனுக்கும் இது தோணல பாருங்க! வாங்க, ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன் போவோம். எல்லாரும் வரணும். நாளைக்கு ஒருத்தரு கேட்டேன், ஒருத்தரு கேக்கலன்னு பிரச்சினை வரக்கூடாது."

"செட்டைப் போடுறது யாரு?" என்றார் பானுப்ரியா.

"பொண்ணு போடட்டும். எங்க தரப்புல சாட்சிக்குப் பையன் கூட இருக்கட்டும். சவுண்டை எவ்வளவு வச்சாங்கன்னு தெரியணும்ல."

மணிவேல் தலையைக் குனிந்துகொண்டு, அப்பா சொல்லைத் தட்டமாட்டேன் என்கிற பாவனையில் ஒப்புக்கொண்டான்.

ஆக, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களும் காட்ட இருந்தவர்களும் சோளக்காட்டு வரப்பில் வரிசையாக நடந்தோம். கேசரி ஆறிவிடும் என்று பானுப்ரியா அதைத் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார்.

கரையில் ஏறியதும் கலையரசன் போன் செய்தார். "போடும்மா." ஒரு பாட்டின் முதல் வரி ஊரே அதிரும்படி வந்தது. வீரமுத்து கண்களை மூடிக்கொண்டார். அடுத்த வரி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஏரியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு போனது.

நாங்கள் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீரமுத்து கண்ணைத் திறக்கவில்லை. மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கவில்லை என்று யார் சொல்வது?

உண்ணாமலைதான் வாயைத் திறந்தார். "ஏங்க, எனக்கு ஒண்ணும்..."

வீரமுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஒண்ணும்?"

"ஒண்ணும் குத்தம் சொல்றதுக்கில்லன்னு சொல்ல வந்தேன்."

"அதான பாத்தேன்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "இரைச்சல்னு ஒரு துளி இருக்கா பாருங்க. இந்தச் சுத்தம் எங்க வூட்டு செட்ல கெடையாது. நடுவுல கீச்சுக் கீச்சுன்னு ஒண்ணு வந்துச்சே, அது எவ்வளவு துல்லியம்!"

"ஆமாங்க சார்" என்றார் கலையரசன். "ஆமாங்க சார்" என்றேன் நான். குருவி இன்னொரு தடவை கத்தியது.

"பேஸ், அதான் நெஞ்சுல வந்து அதிருமே அந்தச் சத்தம், அதுதான் இன்னும் வரல" என்று வீரமுத்து இழுத்தார். அந்த நொடியில் ஏரிக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். 'டம்' என்று ஒரு சத்தம். கரை அதிர்ந்தது. தூக்குச்சட்டியின் மூடி கடகடவென்று ஆடியது.

வீரமுத்து இரண்டு கண்களையும் திறந்தார். கலையரசனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி!" என்றார்.

இருபது வருடமாக அந்த வெடிச் சத்தத்தோடு குடியிருக்கும் கலையரசன், "உங்க ஆசீர்வாதங்க" என்றார். பானுப்ரியா ஆளுக்கொரு கரண்டி கேசரியை உள்ளங்கையில் வைத்தார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தபோது சம்பந்திகளும் விருந்துக்கு வந்திருந்தார்கள். எனக்கும் இலை போட்டார்கள். அதிரசம் தின்றுகொண்டே பிரவீணா சிரித்தாள்.

"அப்பா, இப்பச் சொன்னா திட்ட மாட்டீங்கள்ல? அன்னிக்கு ஒரு வரியிலயே காது அடைச்சுப்போச்சு. ஆஃப் பண்ணிட்டோம். நீங்க எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்."

கலையரசனுக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். வீரமுத்து ரசத்தை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"ஆஃப்லயே அந்தப் போடு போட்டுதுன்னா, அது எப்பேர்ப்பட்ட செட்டா இருக்கணும் சம்பந்தி!"

கலையரசனுக்கு உயிர் வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் ஸ்பீக்கரை யாரும் ஆன் செய்யவில்லை. ஆன் செய்தால் தரம் குறைந்துவிடுமோ என்ற பயம். பெரம்பலூரிலும் விஷயம் பரவி, அதிகாரிகள் வீடுகளில் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். செல்லக்கண்ணுவுக்கு இப்போது வயர் சொருகும் வேலைகூட மிச்சம்.

நானும் போன மாதம் ஒரு ஜோடி வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிரித்து நிறுத்தியிருக்கிறேன். என் வீடும் அதே ஏரிக்கரைப் பக்கம்தான். தெருவில் பாதிப் பேர் வந்து கரையில் நின்று கேட்டுவிட்டுப் பிரமாதம் என்றார்கள். நீங்களும் ஒரு நாள் வாருங்கள். கேட்கவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று சுரங்கத்துக்கு விடுமுறை. பேஸ் கொஞ்சம் குறையும்.