நூற்றுக்கு நூறு வாங்கிய காது

"சூப்பர் அங்கிள்! நூத்துக்கு நூறு!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெக்னீஷியன் ஸமீஹா கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபோதுதான் கலியபெருமாளுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது.

காது பரிசோதனை செய்யும் சின்னக் கண்ணாடி அறைக்குள், தலையில் ஹெட்போனும் கையில் பொத்தானுமாக அவர் உட்கார்ந்திருந்தார். தோற்பதற்காகவே உழவர்கரையிலிருந்து வந்திருந்தார். தோற்றால்தான் பதக்கம். இப்போது முதல் வகுப்பில் தேறிவிட்டார்.

"அங்கிள் சொல்தாவா? பிரெஞ்சு ஆர்மியில இருந்து பென்ஷன் வாங்கறவரா?" என்று ரிப்போர்ட்டை நீட்டியபடி கேட்டாள் ஸமீஹா.

"இல்லம்மா. நம்ம ஆர்மி."

"ஓ," என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவி தனக்கொடி ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"ரெண்டு காதும் நார்மல்னு போட்டிருக்கு. ஏங்க, சத்தம் கேட்டாத்தானே அமுக்கச் சொன்னாங்க? உங்களுக்கு இன்னா கேட்டுச்சி?"

"ஒண்ணியும் கேக்கல."

"அப்பறம் இன்னாத்துக்கு அமுக்கனீங்க?"

"அந்தப் பொண்ணு கை அசஞ்சிது, தனம்."

தனக்கொடிக்குக் கோபம் வந்தால் முதலில் மரியாதைதான் கழன்று விழும். "யோவ், உன்ன இன்னா பீரங்கி சுடவா கூட்டினு வந்தேன்?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பீரங்கி முழங்கும் இடத்தில் யாருடைய குரலும் யாருக்கும் கேட்காது. குழுத் தலைவர் கையை உயர்த்தியபடி நிற்பார். கை இறங்கினால் கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கயிறுதான் கலியபெருமாளின் வேலை. பதினேழு வருடம் அவர் கண் அந்தக் கையை விட்டு விலகியதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸமீஹாவின் கை சத்தம் எழுப்பும் பெட்டியின் திருகைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இவருடைய கட்டைவிரல் தானாக இறங்கியிருக்கிறது. ஒன்றைக்கூட விடவில்லை.

1999இல், கார்கில் மலையில், எதிரியின் குண்டு ஒன்று அவர்களுடைய பீரங்கிக் குழியின் விளிம்பில் வந்து விழுந்தது. குழிக்குள் ஐந்து பேர். நான்கு பேரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அதில் ஒருவன் அடிவாரம் போய்ச் சேரவில்லை. கலியபெருமாளின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காதுக்குள் மட்டும் யாரோ விடாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் அவரையும் கீழே அனுப்பிவிடுவார்கள். புது ஆட்கள் வரும்வரை பீரங்கியைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். அதனால் சொல்லவில்லை. சில வாரம் கழித்து விசில் நின்றது. அதோடு மனிதக் குரலும் நின்றுபோயிருந்தது. இடி கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், கல்யாண பேண்டு கேட்கும். பேச்சு மட்டும் கேட்காது. அதை அவர் உதடுகளைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் சேவை முடிந்து ஊர் திரும்பியபோது, விஷயம் தெரிந்த ஒரே ஆள் தனக்கொடிதான். முதுகுப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் அவர் சட்டையை இழுப்பாள். பைக்கில் போகும்போது அவள் இடது தோளைத் தட்டினால் இடப்பக்கம் ஆட்டோ. வலது தோளைத் தட்டினால் வலப்பக்கம் ஆட்டோ. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்.

இருபத்தைந்து வருடம் இப்படியே ஓடியிருக்கும். போன வருடம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கார்கில் தினக் கூட்டம். போரில் அடிபட்டுக் காயப் பதக்கம் வாங்கியவர்கள் மேடையில் உட்கார, கலியபெருமாள் கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் பிரேம்குமார் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"அஞ்சு பேர்ல ஒனக்கு மட்டும் ஒரு சிராய்ப்பு கூட இல்லியே, எப்பிடி கலியா? குண்டு விழும்போது டீ போடப் போயிருந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கலியபெருமாளும் சிரித்தார். அந்த உதடுகளை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் போய் பிரேம்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிரேம்குமார் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "இத்தினி வருஷமா சங்கத்துல நான் பாடன பாட்டயெல்லாம் நீ கேட்டதே இல்லியா?" என்றார்.

"இல்ல."

"அதான் நீ மட்டும் எந்திரிச்சிப் போனதே இல்ல," என்று சொல்லிவிட்டு, பதக்கத்துக்கான விண்ணப்பத்தைத் தானே உட்கார்ந்து எழுதினார்.

கலியபெருமாளுக்குப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிய ஆசையில்லை. அந்தக் குழிக்குள் ஐந்து பேர் நின்றிருந்தார்கள், ஐந்து பேருக்கும் அடிபட்டது என்று எங்காவது ஒரு காகிதம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நூற்றுக்கு நூறு வாங்கிய மறுவாரம் மறுபடியும் பரிசோதனைக்குப் போனார்கள். இந்தத் தடவை தனக்கொடி முன்னேற்பாடாக நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். கணவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

"பொத்தானத் தொடவே கூடாது. செல மாதிரி உக்காரணும். புரிஞ்சிதா?"

கட்டளை என்றால் கட்டளை. சிலையாகவே உட்கார்ந்தார். ஸமீஹா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கடைசியில் வந்த சத்தம் அவருக்கே நன்றாகக் கேட்டது. உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. பொத்தானைத் தொடவில்லை.

ஸமீஹா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அங்கிள், கடைசியா லாரி ஹாரன் அளவுக்குக் குடுத்தேன். உங்க தோளு துள்ளிச்சி. நான் பாத்தேன். அதுக்கும் அமுக்கல."

"ஆமாம்மா."

"போன வாரம் நூறு. இந்த வாரம் சைபர். நான் எத எழுதறது?"

"ரெண்டயும் கூட்டி ரெண்டால வகுத்து எழுதும்மா," என்றாள் தனக்கொடி.

ஸமீஹா அப்படி எழுதவில்லை. 'முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. பரிசோதனைக்கு வந்தவர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாள்.

பிரேம்குமார் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மொத ரிப்போர்ட்டுல ஒனக்குக் காது கேக்குது. ரெண்டாவதுல நீ பொய்யும் சொல்ற. நல்ல முன்னேற்றம்." பிறகு யோசித்துச் சொன்னார். "அக்கம்பக்கத்துல ஒன்ன நல்லாத் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒரு கடுதாசி குடுத்தா கொஞ்சம் சரிக்கட்டலாம்."

பக்கத்து வீட்டு ஜமால் தையல் கடை வைத்திருப்பவர். இருபது வருடப் பழக்கம். கலியபெருமாள் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"காது கேக்காதுன்னு லெட்டரா? இன்னாண்ணே நீங்க! கேக்காமத்தான் இப்ப என்கூடப் பேசினு இருக்கீங்களா?"

"உங்க வாயப் பாத்துத்தான் பாய் பேசறேன்."

"எல்லாரும்தான் மூஞ்சப் பாத்துப் பேசறாங்க."

"எல்லாருமா?" கையில் டீயோடு வந்த ஜமாலின் மனைவி ஜரினா அங்கேயே நின்றுவிட்டாள். "இருவத்தெட்டு வருஷமா நீங்க மிஷினப் பாத்துத்தான் என்கூடப் பேசறீங்க. இந்தத் தெருவுல ஒருத்தர் சொல்றத மொகத்தப் பாத்து முழுசாக் கேக்கற ஒரே ஆம்பள அண்ணன்தான்."

"பாத்தீங்களா, அவளே சொல்றா. மனசறிஞ்சி நான் எப்பிடிண்ணே பொய் எழுதறது?" என்றார் ஜமால். கலியபெருமாளின் முகம் வாடியதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "கவலய விடுங்க. உங்களுக்கு மெடல் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் கலியபெருமாளைப் பயமுறுத்தியது. பயந்தது சரிதான். நான்கு நாள் கழித்து ஜமால் கடிதத்தின் நகலைப் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தார். அசல் ஏற்கெனவே தபாலில் போய்விட்டிருந்தது.

'எங்கள் தெருவில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் திரு. கலியபெருமாள் அவர்களிடம்தான் சொல்வோம். எதிரே உட்கார்ந்து, எங்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்வார். நடுவில் குறுக்கிட்டதே இல்லை. இவரைப் போல நன்றாகக் கேட்கக்கூடியவரை நாங்கள் பார்த்ததில்லை. எனவே இவருக்குப் பதக்கம் அவசியம் கொடுக்க வேண்டும்.'

கீழே முப்பத்தொரு கையெழுத்து.

"யோவ்," என்றாள் தனக்கொடி, நகலைப் படித்து முடித்து.

"ஒனக்கு மெடல் கெடைக்குமோ இல்லியோ, கவுன்சிலர் சீட்டு உறுதி," என்றார் பிரேம்குமார்.

மருத்துவக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. உப்பளத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. இதுதான் கடைசி விசாரணை, இங்கே சொல்வதுதான் முடிவு என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. படியேறும்போது தனக்கொடி கடைசித் தடவையாகப் பாடம் சொன்னாள்.

"எது கேட்டாலும் முழிங்க. பதில் சொல்லாதீங்க. நடிப்பு இல்லியே இது. உங்களுக்கு நெசமாவே கேக்கல. அந்த வாயப் பாக்காதீங்க, அது போதும்."

"செவுத்தப் பாக்கறேன்."

"செவுத்தயே பாருங்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரிய டாக்டர் வயதானவர், ஒல்லி. மீசை இல்லை. கலியபெருமாளுக்கு வழக்கமாக மீசை இல்லாதவர்களைக் கண்டால் நிம்மதியாக இருக்கும், உதடு முழுசாகத் தெரியும். இன்றைக்கு அதுதான் ஆபத்து.

"உக்காருங்க," என்றார் பெரிய டாக்டர்.

உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் ஒன்றும் கேட்காதவராக முழிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அவசரமாகச் சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. பெரிய டாக்டர் கோப்பைப் புரட்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. முதல் ரிப்போர்ட். இரண்டாவது ரிப்போர்ட். பிறகு ஜமாலின் கடிதம். அதை மட்டும் அவர் இரண்டு தரம் படித்தார். மேசையை மெல்லத் தட்டினார். மேசையில் ஊன்றியிருந்த கலியபெருமாளின் முழங்கைக்கு அது தெரிந்தது. திரும்பிவிட்டார்.

"அந்தக் குழியில எத்தன பேர் இருந்தீங்க?" என்றார் டாக்டர்.

காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். பெயர் என்ன என்று கேட்டிருந்தாலும் முழித்திருப்பார். இந்தக் கேள்வியை இருபத்தைந்து வருடமாக யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அஞ்சு பேர் சார்."

"குண்டு எந்தப் பக்கம் விழுந்துது?"

"எனக்கு எடப்பக்கம் சார். பத்தடி கூட இருக்காது."

மற்ற இரண்டு டாக்டர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். பிறகு கலியபெருமாளைப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது. காது கேட்காது என்று வந்தவன் கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். டீ கொண்டுவந்த அம்மாள்கூடத் தட்டோடு கதவருகே அசையாமல் நின்றுவிட்டாள். இப்போதாவது சுவரைப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

"கீழ போய்ச் சேராதவரு பேரு இன்னா?"

சுவரைப் பார்க்க முடியவில்லை.

"ஆரோக்கியநாதன் சார். நம்ம வில்லியனூர்தான். குண்டு தூக்கித் தர்றவன். அன்னிக்கிக் காலையில அவன் ஷூ லேஸ் அறுந்துபோச்சி, என்னுத குடுத்தேன். என் லேஸ போட்டுனுதான் சார் போனான்."

"அதுக்கப்பறம் நீங்க எத்தன நாள் பீரங்கியில நின்னீங்க?"

"பதினோரு நாள் சார்."

"காது கேக்கலன்னு ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"ஆள் இல்ல சார். நானும் எறங்கிட்டா கயிறு இழுக்க யாருமில்ல."

கால் மணி நேரம் இப்படியே போனது. கேட்ட எதையும் அவர் விடவில்லை. முடிவில் பெரிய டாக்டர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போயிட்டு வாங்க," என்றார்.

தோற்றவனை மரியாதையோடு அனுப்பிவைக்கிறார் என்று கலியபெருமாள் புரிந்துகொண்டார். சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார்.

தனக்கொடி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "இன்னா ஆச்சி? முழிச்சீங்களா?"

"இல்ல."

"எத்தன கேள்விக்கு பதில் சொன்னீங்க?"

"எல்லாத்துக்கும்."

யோவ் வரப்போகிறது என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

"ஆரோக்கியநாதனப் பத்திக் கேட்டாரு, தனம். அதுக்கு எப்பிடி முழிக்கறது?"

தனக்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "சொன்னது சரிதான். சொல்லாம வந்திருந்தாத்தான் இன்னிக்கி ஊட்டுல சோறு கெடையாது. வாங்க, போலாம்."

இரண்டு படி இறங்கியிருப்பார்கள். தனக்கொடி சட்டையைப் பிடித்து இழுத்தாள். திரும்பினார். டீத்தட்டோடு கதவருகே நின்றிருந்த அந்த அம்மாள் அஞ்சலாட்சி மாடிப்படியின் உச்சியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, இருங்கய்யா, உள்ள ரெண்டு டாக்டருங்களும் இன்னும் வாயப் பொளந்துனு உக்காந்திருக்காங்க. கால் மணி நேரமா பெரிய டாக்டரு வாய மட்டும்தான் அசைச்சாரு, தொண்டையிலேருந்து ஒரு சத்தம் வரல. எங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல, நீங்க மட்டும் எப்பிடிய்யா எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்க?"