அர்த்தம் சொல்ல ஓர் ஆள்

“இப்பல்லாம் எனக்கே எல்லாம் புரியுது, சிந்து. அவரைக் கேக்க வேண்டியதே இல்ல.”

லக்ஷ்மிப்ரியா துணி காயப்போட்டபடி தோழியிடம் போனில் சொன்னது, குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போன அவள் புருஷன் செல்வராஜின் காதில் விழுந்தது. தொட்டி நடுவழியில் நின்றுவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆக்லாந்து வந்த புதிதில், தியேட்டரில் ஆங்கிலப் படம் ஓட ஓட அவள் அவன் தோளில் சாய்ந்து, “என்னவாம், என்னவாம்?” என்பாள். அவன் காதோரம் அர்த்தம் சொல்வான். ஈரம் காயாத அவள் கூந்தல் அவன் கன்னத்தில் படும். சொன்ன அர்த்தத்தில் பாதி சொந்தக் கற்பனை; அது வேறு விஷயம். பிறகு அவளுக்கு ரெஸ்ட் ஹோமில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவர்களோடு பேசிப் பேசி ஆங்கிலம் பழகிவிட, கேள்விகள் நின்றன. தோளும் காலியானது.

அவர்கள் குடியிருந்த மவுண்ட் ரோஸ்கில் பேட்டை முழுக்கக் கேட்கும்படி மனசுக்குள் சபதம் போட்டான்: அவளுக்குப் புரியவே புரியாத ஒரு படத்தைக் கண்டுபிடித்தே தீருவது!

கண்டுபிடித்தான். இங்கிலாந்துக்காரர்கள் எடுத்த நகைச்சுவைப் படம். வேற்றுக்கிரகத்துப் படை ஒரு சிற்றூரில் இறங்குகிறது. ஊரே வாய்க்குள் போட்டு மென்று பேசும் ஆங்கிலம். பல் டாக்டரிடம் போவதாக வீட்டிலும் ஆபீசிலும் சொல்லிவிட்டு, புதன்கிழமை நியூ லின் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். வேற்றுக்கிரகவாசிகள் பேசியது மட்டும் புரிந்தது. அவர்களுக்குத்தான் கீழே எழுத்து போட்டிருந்தார்கள். மீதிக்கு, மறுநாள் இணையத்தில் விமர்சனங்களைத் தோண்டி, நோட்டில் எழுதி உருப்போட்டான்.

சனிக்கிழமை அவளை அழைத்துப் போனான்.

“புரியுதா, ப்ரியா?”

“ம்.”

“புரியலன்னா கேளு.”

“படத்தைப் பாருங்க.”

திரையில் ஒரு கிழவி, துப்பாக்கியோடு நின்ற வேற்றுக்கிரகத் தளபதிக்கு டீ ஊற்றினாள்.

“பயத்துல கை நடுங்குது” என்று காதோரம் ஆரம்பித்தான்.

“பயமா? கோவங்க அது. ‘ரொம்ப சந்தோஷம், உக்காருங்க’ன்னு இவ்வளவு மெதுவாச் சொன்னா அவன் தொலைஞ்சான். எங்க ஹோம்ல எட்டாம் ரூம் மார்கரெட் பாட்டி தினமும் இப்படித்தான் என்கிட்ட கோவிச்சுக்குவாங்க.”

கிழவி டீப்பாத்திரத்தாலேயே தளபதியின் தலையில் ஒரு போடு போட்டாள். தியேட்டர் அதிர்ந்தது.

செல்வராஜ் இடிந்துபோனான். பூமியை அவர்கள் பிடித்தால் என்ன, விட்டால் என்ன! இனி ஒரே வழிதான். அவளுக்கு முன்னால் தான் சிரித்துவிட வேண்டும். அப்போதாவது கேட்பாள். நோட்டில் எழுதியது ஞாபகம் வந்ததும் பலமாகச் சிரித்தான்.

கேட்டாள்.

“எதுக்குச் சிரிக்கிறீங்க?”

“அதுவா! அந்த மேயர் என்ன சொல்றாருன்னா...”

“மேயர் இன்னும் வாயே திறக்கலியேங்க.”

மேயர் அப்போதுதான் வாயைத் திறந்தார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வராஜைத் தவிர.

“எப்ப பாத்தீங்க இந்தப் படத்தை?”

“புதன்கிழமை.”

“அப்ப பல்லு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“பாத்த படத்துக்கு மறுபடி எதுக்கு வந்தீங்க?”

“நீ... என்னவாம்னு கேப்பியேன்னு.”

லக்ஷ்மிப்ரியா பாப்கார்னை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த கைப்பிடியை மேலே தூக்கிவிட்டாள்.